பென்ஷன் இல்லாத பட்டாளத்துக்காரரின் மனைவிக்கு அரசு உதவி: நெல்லைச் சீமைக்கான முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலிச் சீமையில் பெரும்பாலான ஊர்களில் ஒரு 'பட்டாளத்துக்காரர் வீடு' உண்டு. அந்தப் பட்டாளத்துக்காரர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆன பின்பும் தபால்காரர் முதல் ரேஷன் கடைக்காரர் வரை அப்படித்தான் அடையாளம் சொல்லுகிறார்கள். பட்டாளம் என்றாலே பென்ஷன் என்று ஊர் நினைத்துக்கொள்கிறது. ஆனால் 1960-களிலும் 70-களிலும் படையில் சேர்ந்து, 15 ஆண்டுகள் நிறைவதற்கு முன்பே ஊர் திரும்பிய சிப்பாய்களுக்கும் நாயக்குகளுக்கும் பென்ஷன் கிடையாது. அவர்களுடைய மனைவியர் இன்று எழுபதைத் தாண்டிய வயதில், பீடி சுற்றியும் நூறு நாள் வேலைக்குப் போயும் காலம் தள்ளுகிறார்கள். அவர்களுக்காகவும், அவர்களுக்கு மனு எழுதித் தர முன்வரும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அண்டை வீட்டார் ஆகியோருக்காகவும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

தொடங்கும்போதே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இத்தகைய பெண்மணிக்குத் திறக்கக்கூடிய கதவுகள் மூன்று. முதலாவது குடும்ப ஓய்வூதியம், அது உரிமை. இரண்டாவது, படைவீரர் நலனுக்கான நிதியிலிருந்து வரும் வறுமை மானியம். மூன்றாவது, மாநில வருவாய்த்துறை வழங்கும் ஆதரவற்ற விதவை உதவித்தொகை. மூன்றுக்கும் உள்ள தொலைவைத் தொகையிலேயே பார்க்கலாம். குடும்ப ஓய்வூதியத்தின் குறைந்தபட்ச அடிப்படைத் தொகை மாதம் 9,000 ரூபாய். 2025 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த 58 விழுக்காடு அகவிலை நிவாரணத்தைச் சேர்த்தால் 14,220 ரூபாய். வறுமை மானியம் 8,000 ரூபாய். விதவை உதவித்தொகை, 2023-இல் உயர்த்தப்பட்டபடி, 1,200 ரூபாய். எனினும் நம் பக்கத்தில் பெரும்பாலோர் மூன்றாவது கதவை மட்டுமே தட்டி, அது திறந்ததும் அத்தோடு நின்றுவிடுகிறார்கள். முதல் கதவு தமக்கு மூடியதுதானா என்று யாரும் அவர்களுக்குப் பார்த்துச் சொல்லுவதில்லை. அதைப் பார்த்துச் சொல்லுவதுதான் உதவி செய்கிறவரின் முதல் வேலை.

டிரங்குப் பெட்டியிலிருந்து தொடங்க வேண்டும்

மனு எழுதும் தாளைக் கையில் எடுப்பதற்கு முன்னால், கணவரின் டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் தேடி எடுக்க வேண்டும். படைவிலகல் சான்று என்றும் இதைச் சொல்லுவார்கள். பட்டாளத்துக்காரர் கொண்டுவந்த பச்சையோ கறுப்போ வர்ணமடித்த தகரப் பெட்டி பெரும்பாலான வீடுகளில் இன்னும் இருக்கும். மூடியின் மேல் வெள்ளைப் பெயின்டில் அவருடைய படை எண் எழுதியிருக்கும். புத்தகமே கிடைக்காத வீடுகளில்கூட, அந்தப் பெட்டி மூடியிலிருந்த எண்ணை வைத்து வேலையைத் தொடங்க முடிந்திருக்கிறது. ஆகவே துருப்பிடித்த பெட்டி என்று பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டாம்.

மானூர்ப் பக்கத்து மூதாட்டி ஒருவர், விதவை உதவித்தொகை இரண்டு மாதமாக வரவில்லை என்று மனு எழுத என்னிடம் வந்தார். கணவர் பட்டாளத்தில் இருந்தவர் என்பது பேச்சுவாக்கில்தான் தெரிய வந்தது. புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன். மறுநாள் மஞ்சள் பையில், பழைய வேட்டித் துணியில் சுற்றி அதைக் கொண்டுவந்தார். ஓரங்கள் செல்லரித்திருந்தன, நடுப்பக்கங்கள் நன்றாகவே இருந்தன. பணிக்காலம் என்ற இடத்தில் 14 ஆண்டு, 5 மாதம் என்று மையில் எழுதியிருந்தது.

"ஆச்சி, இத இத்தன வருசமா யாருகிட்டயும் காட்டலியா?" என்றேன்.

"கேட்டவுகல்லாம் சாவு சர்ட்டிபிகேட்டத்தான் கேட்டாவ. இத யாரும் கேக்கலய்யா."

அந்த 14 ஆண்டு 5 மாதத்துக்கு என்ன பொருள் என்பதைக் கீழே சொல்லுகிறேன்.

அந்தப் புத்தகத்தில் எதைப் படிக்க வேண்டும்

முதலில் பணிக்காலம். சிப்பாய் முதல் ஹவில்தார் வரையிலான நிலையில் இருந்தவருக்கு ஓய்வூதியம் கிடைக்க 15 ஆண்டுப் பணி வேண்டும். 15 ஆண்டு நிறைந்திருந்தும் பென்ஷன் வரவில்லை என்றால் அதற்குத் தனியான காரணம் இருக்கும்; அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நிறையவில்லை என்றாலும் உடனே புத்தகத்தை மூடிவிடக் கூடாது. தகுதிக்காலத்தில் 12 மாதம் வரையிலான குறைவைப் பொறுத்துக்கொண்டு ஓய்வூதியம் வழங்கும் அதிகாரம் 2001-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு அமைச்சக ஆணையின் மூலம் படைத் தலைமையகங்களுக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. அது தானாக நடப்பதில்லை, கேட்டால்தான் பரிசீலிப்பார்கள். மானூர் ஆச்சியின் கணவருக்கு 15 ஆண்டு நிறைய ஏழு மாதந்தான் குறைவு. அவருக்கு நாங்கள் எழுதிய முதல் மனு வருவாய்த்துறைக்குப் போகவில்லை. குறைவைப் பொறுத்துக்கொள்ளக் கோரி, படைவீரர்களின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெஜிமென்ட்டின் பதிவு அலுவலகத்துக்குப் போனது. அது இப்போது பரிசீலனையில் இருக்கிறது.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, கலர் சர்வீஸ், ரிசர்வ் சர்வீஸ் என்ற இரண்டு பதிவுகள். அந்தக் காலத்தில் சில ஆண்டுகள் நேரடிப் பணி, பிறகு சில ஆண்டுகள் ஊரிலிருந்தபடியே காத்திருப்புப் பணி என்ற நிபந்தனையோடு ஆள் சேர்த்தார்கள். இரண்டும் சேர்ந்து 15 ஆண்டு நிறைந்திருந்தால் ரிசர்விஸ்ட் பென்ஷன் என்ற தனி ஓய்வூதியத்துக்கு உரிமை எழும். 'எட்டு வருசந்தான் பட்டாளத்துல இருந்தாவ' என்று குடும்பத்தார் சொல்லுவது நேரடிப் பணியை மட்டும் மனத்தில் வைத்துத்தான். அதற்குப் பிந்திய ரிசர்வ் காலம் தாளில்தான் இருக்கும்.

மூன்றாவது, விலகிய காரணம். உடல்நலக் குறைவால் படையே அவரை வெளியேற்றியிருந்து, பணிக்காலம் 10 ஆண்டோ அதற்கு மேலோ என்றால், இன்வாலிட் பென்ஷனுக்கு வழியுண்டு. அந்த உடல் ஊனம் படைப்பணியால் ஏற்பட்டது என்று மருத்துவ வாரியம் ஏற்றிருந்தால் ஊனமுற்றோர் ஓய்வூதியம் என்ற வேறொரு வகை உண்டு. ஒழுங்கு நடவடிக்கையின் பேரில் நீக்கப்பட்டவர் என்றால் பெரும்பாலான கதவுகள் மூடிவிடும். அதைக் குடும்பத்துக்கு மறைக்காமல் சொல்லிவிடுவதே நல்லது. வீண் அலைச்சலாவது மிச்சமாகும்.

கணவர் படையில் இருக்கும்போதே இறந்திருந்தால் கணக்கே வேறு. அப்போது 15 ஆண்டு என்ற நிபந்தனை குடும்ப ஓய்வூதியத்துக்கு இல்லை. நோயாலோ விபத்தாலோ ஏற்பட்ட, படைப்பணியோடு தொடர்பில்லாத மரணத்துக்குச் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம்: முதல் 10 ஆண்டுகளுக்குக் கடைசி ஊதியத்தில் 50 விழுக்காடு, பிறகு 30 விழுக்காடு. பணியின் காரணமாக இறந்தால் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம், 60 விழுக்காடு. போர்க்களத்திலோ அதற்கு இணையாக ஏற்கப்பட்ட நடவடிக்கையிலோ இறந்தால் தாராளமயமாக்கப்பட்ட குடும்ப ஓய்வூதியம். அது கடைசி ஊதியம் முழுவதும். இந்தப் பாகுபாடு வாழ்நாள் முழுதும் வருமானத்தைத் தீர்மானிப்பது என்பதால், ஏற்கெனவே சாதாரண வகையில் பென்ஷன் வாங்குகிறவர்களும் மரணம் எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

புத்தகம் தொலைந்து போயிருந்தால்

வீட்டுக் கூரை ஒழுகியதிலும், வெள்ளத்திலும், வீடு மாறியதிலும் புத்தகம் போய்விட்டது என்பவர்கள் நிறைய. 1992-ஆம் ஆண்டுத் தாமிரபரணி வெள்ளத்தையும் 2023 டிசம்பர் வெள்ளத்தையும் கண்ட ஊர்களில் இது கேட்டுப் பழகிய பதில். அப்போது கணவர் இருந்த படைப்பிரிவின் பதிவு அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மதராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி மாவட்டம் வெலிங்டன். மதராஸ் என்ஜினியர் குரூப் என்றால் பெங்களூரு. இ.எம்.இ. என்னும் மின்-எந்திரப் பொறியியல் படை என்றால் செகந்திராபாத். சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு முகாம். மருத்துவப் படை என்றால் லக்னோ. டி.எஸ்.சி. என்னும் பாதுகாப்புக் காவல் படையில் இரண்டாவது முறையாகச் சேர்ந்தவர் என்றால் கண்ணூர். பிரிவின் பெயர் தெரியாதவர்கள் பழைய படத்தில் தொப்பியிலும் தோளிலும் உள்ள சின்னத்தைப் பார்த்து, ஊரில் உள்ள வேறொரு முன்னாள் படைவீரரிடம் காட்டிக் கேட்கலாம். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள்.

கடிதத்தில் படை எண், பெயர், தந்தை பெயர், ஊர், சேர்ந்த ஆண்டு, விலகிய ஆண்டு ஆகியவற்றைத் தெரிந்தவரை எழுத வேண்டும். ஊரை எழுதும்போது பழைய மாவட்டத்தையும் குறிப்பிட வேண்டும். கோவில்பட்டியும் திருச்செந்தூரும் 1986 அக்டோபர் வரை நெல்லை மாவட்டம். சங்கரன்கோவிலும் கடையநல்லூரும் 2019 நவம்பர் வரை நெல்லை மாவட்டம். படைத் தாள்களில் 'டின்னவேலி' என்றுதான் இருக்கும். இப்போது குடியிருப்பது தென்காசி மாவட்டம் என்று மட்டும் எழுதினால், அங்கே தேடுகிற எழுத்தருக்குப் பழைய பதிவோடு அது பொருந்தாது.

ஓய்வூதியம் இல்லாமல் விலகியவர்களின் பணி ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பின் அழித்துவிடும் விதி இருக்கிறது. எனவே 'ஆவணம் அழிக்கப்பட்டுவிட்டது' என்று பதில் வரலாம். அந்தப் பதிலைக் கண்டு பலர் கைவிட்டுவிடுகிறார்கள். ஆனால் லாங் ரோல் என்னும் நிரந்தரப் பெயர்ப் பதிவேட்டை அழிப்பதில்லை. சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம் ஆகியவை அதில் இருக்கும். ஆகவே கடிதத்திலேயே 'லாங் ரோலில் உள்ள பதிவின் சான்றிட்ட நகலை அனுப்பித் தருமாறு' கேட்டுவிட வேண்டும். பதில் வராவிட்டால் அதே கேள்வியைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு அனுப்பலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர், அதற்கான சான்றை இணைத்தால், அந்தக் கட்டணமும் இல்லை.

பெயரும் உறவும் ஒன்றுபட வேண்டும்

மனுக்கள் திரும்பி வருவதற்குப் பணமோ தகுதியோ காரணமாக இருப்பதைவிட, பெயர் பொருந்தாமை காரணமாக இருப்பதுதான் அதிகம். படைப் பதிவில் 'இசக்கியம்மாள்', ஆதாரில் 'இசக்கி', குடும்ப அட்டையில் 'எசக்கியம்மா', வங்கியில் இனிஷியலோடு வேறொன்று என்று நான்கு பெயர்களோடு ஒரே பெண் நிற்கிறார். கணவர் பெயரிலும் இதே சிக்கல்; சுடலைமுத்து என்பதை ஆங்கில எழுத்தில் ஒவ்வோர் அலுவலகமும் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கும்.

இதற்கு ஒழுங்கான வரிசை உண்டு. படைப் பதிவிலுள்ள பெயரையே அடிப்படையாக வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் அதைத் திருத்துவதுதான் எல்லாவற்றிலும் கடினம். பிறகு ஆதாரையும், ஆதாரைக் கொண்டு வங்கிக் கணக்கையும், குடும்ப அட்டையையும் அந்தப் பெயருக்குக் கொண்டுவர வேண்டும். அப்படியும் மீந்து நிற்கும் வேறுபாட்டுக்கு, இந்த இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் எழுதிச் சேர்க்க வேண்டும்.

திருமணமானதும் அதைப் படையில் பதிவு செய்திருந்தால் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற ஆணை வெளியாகியிருக்கும். மனைவி, பிள்ளைகள் பெயர் அதில் இருக்கும். அது இருந்தால் உறவுக்கு வேறு சான்று தேடி அலைய வேண்டியதில்லை. படையை விட்டு வந்த பிறகு திருமணம் செய்தவர்களுக்கு அது இராது. நம் பகுதிக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தேவாலயத் திருமணப் பதிவேடு பெரிய துணை; ஐம்பது அறுபது ஆண்டுக்கு முந்திய பதிவைக்கூடத் தேடி நகல் தருகிறார்கள். மற்றவர்கள் திருமண அழைப்பிதழ், பழைய குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், பிள்ளைகளின் பள்ளிச் சான்று ஆகியவற்றைச் சேர்த்து வைக்க வேண்டும்.

கணவரின் இறப்புச் சான்று இல்லாத வீடுகளும் உண்டு. இறந்து ஓராண்டுக்கு மேல் ஆகியும் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், வருவாய்க் கோட்டாட்சியரின் ஆணை பெற்றுத்தான் பதிய முடியும். நெல்லை மாவட்டத்தில் திருநெல்வேலி, சேரன்மகாதேவி என இரண்டு கோட்டங்கள். மரணம் நிகழ்ந்த ஊர் எந்தக் கோட்டத்தில் இருக்கிறதோ அங்கே மனுச் செய்ய வேண்டும். வாரிசுச் சான்று இ-சேவை மையத்தின் மூலம் விண்ணப்பித்து வட்டாட்சியரிடம் பெறுவது. விசாரணைக்குக் கிராம நிர்வாக அலுவலர் வரும்போது எல்லாப் பிள்ளைகளின் பெயரையும், வெளியூரில் இருப்பவரோடு சேர்த்து, சொல்லிவிட வேண்டும். ஒரு பெயரை விட்டுவிட்டால் பின்னால் அதுவே தகராறாகும்.

கைம்பெண் அடையாள அட்டை

இவ்வளவும் கையில் வந்தபின், இப்போது குடியிருக்கும் மாவட்டத்துக்குரிய முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போக வேண்டும். உதவி இயக்குநர் அதன் பொறுப்பாளர். டிஸ்சார்ஜ் புத்தகம், இறப்புச் சான்று, ஆதார், குடும்ப அட்டை, புகைப்படம் ஆகியவற்றின் மூலப்படிகளையும் நகல்களையும் கொண்டுபோனால், முன்னாள் படைவீரரின் கைம்பெண் என்று பதிவு செய்து அடையாள அட்டை தருவார்கள். இந்த அட்டை இல்லாமல் அடுத்த எந்தப் படியும் நகராது. கணவர் உயிரோடிருந்தபோது அவருடைய பெயர் வேறு மாவட்ட அலுவலகத்தில் பதிவாகியிருந்தால், கோப்பை மாற்றித் தரக் கேட்டு அங்கே ஒரு கடிதம் கொடுக்க வேண்டும்.

மூலப்படியை எந்த அலுவலகத்திலும் விட்டுவிட்டு வரக் கூடாது. ஒரு முறை ஓர் அலுவலகத்தில் சரிபார்ப்பதற்கென்று வாங்கி வைத்த புத்தகம் திரும்பக் கிடைக்க நான் எட்டு மாதம் அலைந்தேன். அதற்குள் அந்த அம்மாவின் வறுமை மானிய விண்ணப்பம் ஓராண்டு பின்தங்கிவிட்டது. காட்டலாம், கையோடு வாங்கிவிட வேண்டும்.

வறுமை மானியம்

அலுவலகத்தில் எல்லோரும் பெனுரி கிராண்ட் என்று சொல்லும் இந்த மானியத்தைப் புதுடெல்லியில் உள்ள கேந்திரிய சைனிக் போர்டு என்னும் மத்தியப் படைவீரர் வாரியம், படைவீரர் கொடிநாள் நிதியிலிருந்து வழங்குகிறது. ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் நாள் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் கொடி குத்தி உண்டியலில் காசு வாங்குகிறார்களே, அந்தக் கொடிநாளின் பெயரால் அமைந்த நிதி. மாதம் 4,000 ரூபாயாக இருந்த இந்த மானியத்தை 8,000 ரூபாயாக உயர்த்திப் பாதுகாப்பு அமைச்சர் 2025 அக்டோபரில் ஒப்புதல் அளித்தார். 2025 நவம்பர் 1 முதல் கொடுக்கப்படும் விண்ணப்பங்களுக்கு அது பொருந்தும். கிடைக்கத் தொடங்கினால் வாழ்நாள் முழுதும் உண்டு.

தகுதிகள் சில. கணவர் ஹவில்தார் நிலைக்கு மேற்படாதவராக இருந்திருக்க வேண்டும். கடற்படை, விமானப்படையில் அதற்கு இணையான நிலை. எந்தப் படை ஓய்வூதியமும் இருக்கக் கூடாது. விண்ணப்பிக்கும் கைம்பெண்ணுக்கு 65 வயது நிறைந்திருக்க வேண்டும். நிலையான வருமானம் இருக்கக் கூடாது. மாவட்ட நல அலுவலகத்தின் பரிந்துரை வேண்டும்.

இவற்றுள் நம் பெண்களுக்குச் சிக்கல் தருவது வயதுதான். ஆதார் எடுத்த நாளில் யாரோ குத்துமதிப்பாகச் சொன்ன ஆண்டைப் போட்டிருப்பார்கள். உண்மையில் எழுபது வயதானவர் ஆதாரில் அறுபத்திரண்டாக நிற்பார். பள்ளிக்கே போகாதவருக்குப் பள்ளிச் சான்று ஏது? வேறு எந்தச் சான்றை ஏற்பார்கள் என்று ஆதார் மையத்தில் கேட்டு, அதைக்கொண்டு ஆதாரில் பிறந்த நாளை முதலில் திருத்த வேண்டும். ஆதாரில் பிறந்த நாளைத் திருத்தப் பொதுவாக ஒரே வாய்ப்புத்தான் என்பதால் அவசரப்படாமல் சரியான சான்றோடு போக வேண்டும்.

விண்ணப்பம் கேந்திரிய சைனிக் போர்டின் இணையதளத்தில்தான். கணவரின் படை விவரம், கைம்பெண் அடையாள அட்டை, ஆதார், கைப்பேசி எண் ஆகியவற்றைக் கொண்டு முதலில் ஒரு கணக்குத் தொடங்க வேண்டும். பிறகு வறுமை மானியத்துக்கான படிவத்தை நிரப்பி, டிஸ்சார்ஜ் புத்தகத்தின் பக்கங்கள், அடையாள அட்டை, வயதுச் சான்று, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றை ஏற்ற வேண்டும். கைப்பேசியில் சாய்வாக எடுத்த படத்தை ஏற்றினால் 'தெளிவில்லை' என்று திருப்பிவிடுவார்கள். ஸ்கேன் செய்து, பழைய மை மங்கிய இடங்களை அச்செடுத்துப் படித்துப் பார்த்த பிறகு ஏற்றுவது நல்லது. பதிவில் கொடுக்கும் கைப்பேசி எண் இ-சேவை மையத்தாருடையதாக இருக்கக் கூடாது; வீட்டில் கூடவே இருக்கும் ஒருவருடையதாக இருக்க வேண்டும். ஏனென்றால் குறை இருந்தால் அதற்கான செய்தி அந்த எண்ணுக்குத்தான் வரும்.

இணையத்தில் அனுப்பிவிட்டதோடு வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம். மூலப்படிகளோடு மாவட்ட நல அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். அவர்கள் பார்த்துப் பரிந்துரைத்த பிறகே அது மாநில இயக்குநரகத்துக்கும், அங்கிருந்து டெல்லிக்கும் போகிறது. வேறு எங்கிருந்தாவது உதவித்தொகை பெறுகிறாரா என்பதற்கான உறுதிமொழியும் கேட்பார்கள். விதவை உதவித்தொகை 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டிருப்பவர் அதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும். மறைத்துப் பெற்ற பணத்தைப் பின்னால் திருப்பிக் கட்டச் சொன்னால், எழுபத்தைந்து வயதில் அதைத் தாங்க முடியாது.

இரண்டாம் உலகப் போரில் பணியாற்றி, ஓய்வூதியம் இல்லாமல் திரும்பியவர்களின் மனைவியர் இன்று மிகச் சிலரே இருப்பார்கள். அவர்களுக்கு மாநில அரசின் தனி மாதாந்திர உதவி உண்டு. அப்படி ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால் முதலில் அதைக் கேளுங்கள்.

65 வயது ஆகாதவர்களுக்கு

வறுமை மானியத்துக்கு வயது போதாதவர் அதுவரை வருவாய்த்துறை உதவியைத்தான் நம்ப வேண்டும். ஆதரவற்ற விதவை ஓய்வூதியத் திட்டம் தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது; 18 வயது நிறைந்த கைம்பெண் விண்ணப்பிக்கலாம். இ-சேவை மையத்தில் பதிந்தால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரித்து, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் ஆணை பிறப்பிப்பார். விசாரணையில் வருகிற முக்கியமான கேள்வி, வயது வந்த மகன் இருக்கிறாரா என்பது. மகன் திருப்பூரிலோ சென்னையிலோ தன் குடும்பத்தோடு இருந்துகொண்டு எதுவும் அனுப்புவதில்லை என்றால், அதை அப்படியே சொல்ல வேண்டும். மானத்துக்குப் பயந்து, 'மகன் பாத்துக்கிடுதான்' என்று சொல்லிவிட்டு, மனு தள்ளுபடியான பின் அழுத தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். மகனைக் குறை சொல்லுவதாக அதை எண்ணக் கூடாது. தன் நிலையைச் சொல்லுவதுதான் அது.

படிக்கும் பிள்ளைகள் இருந்தால் கேந்திரிய சைனிக் போர்டின் கல்வி உதவி, இரண்டு பிள்ளைகள் வரை, ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டப்படிப்பு வரை, ஒரு பிள்ளைக்கு மாதம் 2,000 ரூபாய். மகள் திருமணத்துக்கு இரண்டு மகள்கள் வரை தலைக்கு ஒரு லட்சம் ரூபாய். இவையும் 2025 நவம்பரில் இரட்டிப்பானவைதாம். திருமணமோ தேர்வோ முடிந்தவுடனே விண்ணப்பித்துவிட வேண்டும். நாள் கடந்தால் தள்ளிவிடுவார்கள்.

பதில் வராவிட்டாலும் மறுத்தாலும்

எந்த மனுவையும் இரண்டு படி எழுதி, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். தபாலில் அனுப்பினால் விரைவுத் தபாலில் ஒப்புகையோடு அனுப்பி, ரசீதை அதே மஞ்சள் பையில் போட்டு வைக்க வேண்டும். வருவாய்த்துறைச் சான்றுகள் தாமதமானால் திங்கள்தோறும் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கலாம். வட்ட அளவில், ஆண்டுதோறும் வருவாய்க் கணக்கைச் சரிபார்க்கும் ஜமாபந்தியும் நல்ல வாய்ப்பு. முன்னாள் படைவீரர்களுக்கென்றே அவ்வப்போது நடத்தும் சிறப்புக் குறைதீர்க்கும் கூட்டத்தின் தேதியை நல அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வூதிய உரிமையைப் பதிவு அலுவலகம் மறுத்தால், அந்த மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அதை எதிர்த்துச் சென்னையில் உள்ள ஆயுதப் படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஓய்வூதியம் மாதந்தோறும் மறுக்கப்படும் உரிமை என்பதால், பல ஆண்டு கடந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக வழக்கு பொதுவாகத் தள்ளப்படுவதில்லை. ஆனால் நிலுவைத் தொகை பொதுவாக மூன்று ஆண்டுக்கு மேல் கிடைக்காது. 2008-ஆம் ஆண்டு தார்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி இது. அதனால்தான் ஒவ்வோர் ஆண்டுத் தாமதமும் ஓர் ஆண்டுப் பணம் என்று நான் வலியுறுத்துகிறேன். வக்கீல் கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, எந்தப் பெண்ணுக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வெள்ளைத்தாள் மனுப் போதும்.

கிடைக்கும் தொகையில் பங்கு கேட்டு, 'நான் முடித்துத் தருகிறேன்' என்று வருகிறவர்களிடம் டிஸ்சார்ஜ் புத்தகத்தையோ வங்கிப் புத்தகத்தையோ ஏ.டி.எம். கார்டையோ கொடுத்துவிடக் கூடாது. மேலே சொன்ன மனுக்களில் எதற்கும் இடைத்தரகர் தேவையில்லை.

பணம் வரத் தொடங்கிய பின்

ஆண்டுக்கு ஒரு முறை உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டும். குடும்ப ஓய்வூதியதாரர்களுக்கு அது நவம்பர் மாதம். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். நடக்க முடியாதவர் என்றால் தபால்காரரிடம் சொன்னால் கைரேகைக் கருவியோடு வீட்டுக்கே வந்து 70 ரூபாய்க்கு எடுத்துக் கொடுப்பார். பீடி சுற்றித் தேய்ந்த விரலில் ரேகை விழாது என்பது நம் பக்கத்துப் பெண்களுக்குப் பழகிய தொல்லை. அத்தகையவர்கள் கருவிழி அல்லது முகப் பதிவில் எடுக்கச் சொல்ல வேண்டும். வறுமை மானியம் பெறுகிறவர் எந்த மாதத்தில் சான்று கொடுக்க வேண்டும் என்பதை ஆணை வந்த அன்றே நல அலுவலகத்தில் கேட்டு, சுவர்க் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வறுமை மானியம் அந்தப் பெண்மணியின் காலத்தோடு முடிகிறது. அவருக்குப் பின் யாருக்கும் தொடராது. குடும்ப ஓய்வூதியம் அப்படியல்ல. உழைத்துப் பிழைக்க இயலாத மாற்றுத்திறனாளி மகனோ மகளோ, அவரையே சார்ந்திருக்கும் கணவனை இழந்த மகளோ, மணமாகாத மகளோ வீட்டில் இருந்தால், விதிகளுக்கு உட்பட்டு அவர்களுக்குத் தொடரும். ஆகையால் குடும்ப ஓய்வூதியம் பெறுகிற தாய், தாம் உயிரோடிருக்கும்போதே அந்தப் பிள்ளையின் பெயரைப் பதிவு அலுவலகத்தில் சேர்க்கவும், மாற்றுத்திறனாளிச் சான்றை உரிய மருத்துவ வாரியத்தில் வாங்கி வைக்கவும் வேண்டும். அவர் போன பிறகு அந்தப் பிள்ளையால் தனியாக வெலிங்டனுக்கும் பெங்களூருக்கும் எழுதிக்கொண்டிருக்க முடியாது.